பரணில் காஸ் கேன் வைக்கலாமா?

வேலூர்க்காரன்:
ஃபிரிட்ஜ், கார் ஏசி வேலை பார்க்கிறேன். தனியாகக் கடை இல்லை, எல்லாம் வீட்டில்தான். இப்போது குளிரூட்டும் காஸ்களான ஆர்-134ஏ 450 கிராம் கேன் ஒன்பதும், ஆர்-600ஏ கேன் நாலும் சமையலறைப் பரணில் கிடக்கின்றன. மேலே சிமெண்ட் ஷீட் கூரை. நேற்று மதியம் ஒன்றை எடுத்தேன், தகரம் கையைச் சுட்டது. "ஒன்று அது வெளியே போகணும், இல்லை நான் போறேன்" என்று வீட்டம்மா தீர்ப்பே சொல்லிவிட்டாள். எங்கே வைப்பது? பாதி தீர்ந்த 134ஏ கேன் ஒன்றில், கேனை ஊசியால் குத்தித் திறக்கும் டேப் வால்வு மாட்டியபடியே இருக்கிறது. கழற்றி வைக்கலாமா?

கம்ப்ரசர் தாத்தா:
தம்பி, முதலில் 600ஏ-வை இறக்குங்க, மற்றதெல்லாம் அப்புறம். அது ஐசோபியூட்டேன், அடுப்பு காஸுக்குப் பங்காளி. காற்றைவிடக் கனம் என்பதால் கசிந்தால் தரையோடு தவழ்ந்து அடுப்படிக்கு வந்துவிடும். சமையல் காஸில் நாற்றத்துக்கென்று மருந்து கலப்பார்கள். இதில் அது கிடையாது, மூக்கை நம்ப முடியாது.

134ஏ தீப்பிடிக்காதுதான். ஆனால் கேனுக்குள் அழுத்தம் 25 டிகிரியில் 80 பிஎஸ்ஐ சொச்சம் இருப்பது 50 டிகிரியில் 175 பக்கம் போய்விடும். உள்ளே சொட்டுத் திரவம் இருக்கும்வரை பாதி கேனுக்கும் இதே கதைதான். அடுப்புச் சுடரில் பட்டால் ஹைட்ரஜன் ஃபுளோரைடு வேறு கிளம்பும்.

நான் வைத்திருப்பது பழைய கோழிக்கூண்டில். சிரிக்காதீங்க. நாலு பக்கமும் கம்பிவலை, கசிந்தாலும் தங்காது, பூட்டு உண்டு. வீட்டுக்கு வடபுறம், வெயில் படாத இடம். அடியில் பலகை போட்டிருக்கிறேன். முன்பு ஈரச் சிமெண்ட் தரையிலேயே வைத்து ஒரு கேன் அடியில் துருப்பிடித்தது. கட்டைவிரலால் தேய்த்தால் செதில் செதிலாக வந்தது. சோப்பு நுரை தடவினேன், மடிப்பு ஓரத்தில் கடுகளவு குமிழி ஒன்று ஊதி நின்றது.

டேப் வால்வைக் கழற்றாதீங்க! ஊசி குத்திய ஓட்டை அப்படியே திறந்துகொள்ளும். பீய்ச்சுகிற திரவம் விரலில் பட்டால் தோல் உறைந்து வெந்துபோகும். அடுத்த வண்டிக்கு அந்தக் கேனையே முதலில் தீருங்க. அதுவரை சமையலறைத் தராசில் நிறுத்து, எடையை ஒரு சீட்டில் எழுதி ஒட்டி, வாரம் ஒருமுறை பாருங்க. குறைந்தால் கசிகிறது என்று அர்த்தம்.

ஸ்பேனர் செல்வம்:
பைக் டிக்கியையும் மறந்துவிடாதீங்க. மதியம் சாப்பிடப் போகும்போது வெயிலில் நிறுத்திவிட்டு, உள்ளே கேன் இருப்பதையே மறந்துவிடுகிறோம். வேலைக்கு எத்தனை வேண்டுமோ அத்தனை மட்டும் எடுத்துப் போங்க.

வேலூர்க்காரன்:
நாலும் இறங்கிவிட்டன, தாத்தா. மாடிப்படிக்கு வெளியே, நிழல் பக்கம் கம்பிவலைப் பெட்டி ஒன்று அடிக்கச் சொல்லியிருக்கிறேன். தராசைக் கேட்டேன். "கேனை வைத்த தட்டில் நான் மாவு நிறுக்க மாட்டேன்" என்கிறாள். தனியாக ஒன்று வாங்க வேண்டும்.