கலைச்சொல்: வெள்ளணுக்களில் ‘பிரைமிங்’

> ‘பிரைமிங்’ என்பதற்கு ‘முன்தூண்டல்’ என்று போட்டுவிடலாமே. தூண்டலுக்கு முன் வரும் இன்னொரு தூண்டல்தானே?

வணக்கம். பிரைமிங் என்பது, பின்னால் வரும் தூண்டலுக்கு வெள்ளணு வலுவாக எதிர்வினை காட்டும்படி அதைத் தயார்செய்யும் கட்டம். அதற்கு ‘முன்தூண்டல்’ வேண்டாம் என்பேன். தூண்டல் என்றாலே விளைபொருள் வெளிவர வேண்டும் என்று படிப்பவர் எதிர்பார்ப்பார். பிரைமிங்கில் அது வருவதே அரிது.

நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுவையே பாருங்கள். பாக்டீரியாவின் புறச்சவ்வில் உள்ள லிப்போபாலிசாக்கரைடை டோல்-4 ஏற்பி உணர்ந்த சில நிமிடங்களில் மேப் கைனேஸ்கள் என்ற நொதிகள் இயங்கி, சைட்டோசோலில் (அணுவின் உட்திரவத்தில்) உள்ள பாஸ்போலிபேஸ் ஏ2 நொதியின் 505ஆம் அமினோ அமிலமான செரீனில் பாஸ்பேட்டை ஏற்றுகின்றன. நொதி தயார். ஆனால் அது சவ்வில் போய் ஒட்டக் கால்சியம் வேண்டும். அந்தக் கால்சிய ஏற்றத்தை லிப்போபாலிசாக்கரைடு தனியாகத் தருவதில்லை. பிறகு பாக்டீரியப் புரதத் துண்டான ஃபார்மைல் பெப்டைடு வந்து கால்சியத்தை உயர்த்தும்போதுதான் நொதி சவ்வை அடைந்து அராக்கிடோனிக் அமிலம் என்ற கொழுப்பமிலத்தை வெட்டி எடுக்கிறது. 5-லிப்பாக்சிஜனேஸ் என்ற இன்னொரு நொதியும் அதே கால்சியத்தால் உட்கருச் சவ்வுக்கு நகர்கிறது. அங்கே ஃப்ளாப் புரதத்தின் துணையோடு அந்த அமிலத்திலிருந்து லூக்கோட்ரையீன் ஏ4 உருவாகி, அது அழற்சியைத் தூண்டும் லூக்கோட்ரையீன் பி4 ஆகிறது. ஹிஸ்டமினைப் போல இது அணுவுக்குள் இருக்கும் சிறு மணிகளில் சேமித்து வைத்த சரக்கு அல்ல, வேண்டும்போது செய்யப்படுவது. எனவே முதல் கட்டத்தை ‘சுரப்பு’ என்றும் சொல்ல முடியாது.

என் பரிந்துரை: ‘ஆயத்தமாக்கல்’. இன்ஃபிளமசோம் (அணுவுக்குள் அழற்சியைத் தொடங்கிவைக்கும் புரதக் கூட்டு) பாடத்தில் வரும் ‘முதல் சமிக்ஞை’க்கும் இது பொருந்தும். அங்கே மரபணுப் படியெடுப்பு நடந்தாக வேண்டும் என்பதால் மணிக்கணக்கு ஆகும், இங்கே நிமிடங்கள். வேகம் வேறு, நிலை ஒன்றே.

> ‘அணியமாக்கல்’ என்றால் இன்னும் நல்ல தமிழாக இருக்குமே? இன்னொன்று: எதுவும் சேர்க்காத குழாயைவிட பெப்டைடு மட்டும் சேர்த்த குழாயிலேயே பி4 நிறைய வருகிறது. அப்படியானால் ஆயத்தமாக்கல் தேவையா?

‘அணியம்’ அழகான சொல்தான், ஐயா. ஆனால் ‘அணியமான அணு’ என்று எழுதினால் பள்ளி மாணவர் ‘அணி’யோடு குழப்பிக்கொள்வார். அடைப்புக்குறிக்குள் மாற்றுச்சொல்லாக வைக்கலாம்.

குழாய்ச் சிக்கலுக்குப் பெரும்பாலும் காரணம் மாசு. பிரித்தெடுக்கும் திரவத்திலோ தாங்கல் கரைசலிலோ சிறிதளவு லிப்போபாலிசாக்கரைடு இருந்தாலும் அணுக்கள் குழாய்க்கு வருமுன்பே ஆயத்தமாகிவிடும். ரத்தத்தைக் கடுமையாகச் சுழற்றினாலும், குளிர்வித்துச் சூடாக்கினாலும் இதே கதிதான். எண்டோடாக்சின் (அதாவது லிப்போபாலிசாக்கரைடு) இல்லாத கரைசலை எடுத்துச் சோதியுங்கள். எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு: சீரம் சேர்க்காவிட்டால் லிப்போபாலிசாக்கரைடு பிணைப்புப் புரதம் இருக்காது, குறைந்த செறிவில் ஏற்பி விழிக்கவே விழிக்காது. கால்சியம் அயனோஃபோரைப் போட்டுப் பார்ப்பதும் உதவாது. அது கால்சியத்தை வெள்ளமாக உள்ளே விடுவதால் ஆயத்தமான அணுவுக்கும் ஆகாததற்கும் உள்ள வேறுபாடு மறைந்துபோகும்.

பாலிமரேஸ் தொடர்வினையின் ‘பிரைமர்’, தடுப்பூசியின் ‘பிரைம்’ தவணை ஆகிய இரண்டுக்கும் இந்தச் சொல்லை நீட்ட வேண்டாம். முன்னதற்குத் ‘தொடக்கி’, பின்னதற்கு ‘முதல் தவணை’ போதும்.

பட்டியலில் இப்படிப் பதியலாம்: ஆயத்தமாக்கு (வினை), ஆயத்தமாக்கல் (தொழிற்பெயர்), ஆயத்தநிலை (பெயர்). எடுத்துக்காட்டு: ‘லிப்போபாலிசாக்கரைடால் ஆயத்தமாக்கப்பட்ட நியூட்ரோஃபில், ஃபார்மைல் பெப்டைடு தூண்டியதும் கூடுதல் லூக்கோட்ரையீன் பி4 தயாரிக்கிறது.’