கதிர்க்குருவியை இனம் காண உதவுங்கள்

கோடியக்கரையில் பறவைகளின் காலில் அடையாள வளையமிடும் முகாமில் தன்னார்வலராக இருக்கிறேன். ஐப்பசி மழை விடும் இடைவெளியில் வலை விரித்தால், இமயத்துக்கு அப்பாலிருந்து வரும் கதிர்க்குருவிகளும் சிக்குகின்றன. பத்துப் பன்னிரண்டு கிராம் உடம்பு. அதற்குள் எவ்வளவு ரோஷம்!

பிளைத் நாணல் கதிர்க்குருவியா, வயல் கதிர்க்குருவியா என்பதில்தான் தகராறு. நீண்ட அலகு, கண்ணைத் தாண்டியதும் மங்கிவிடும் புருவக்கோடு என்றால் முன்னது. ஆனால் முதிர்ந்த பறவைகள் வலசை வந்த பிறகே பழைய இறகுகளை உதிர்த்துப் புது இறகு வளர்க்கின்றன. அதனால் இறகு நுனிகள் தேய்ந்திருக்கின்றன, சிறகு அளவை நம்ப முடியவில்லை.

அனுபவமுள்ளவர்கள் அப்போது எதைப் பார்த்து முடிவு செய்கிறீர்கள்? விரித்த சிறகின் படங்கள் இருந்தால் பகிருங்கள். குருவியை நெடுநேரம் துணிப்பையில் வைத்திருக்க மனமில்லை. சந்தேகம் தீராவிட்டால் வளையமிடாமலே விட்டுவிடுகிறோம்.