6000 என்று விற்ற ராம் 6000-ல் ஓட வேண்டாமா?

கரிசல்:
ரைசன் 5 7600 பிராசஸர். 16 ஜிபி ராம் ஸ்டிக் இரண்டு, 6000 வேக டிடிஆர்5 வகை. எக்ஸ்போ (ராமைப் பெட்டியில் போட்ட வேகத்தில் ஓட்டும் அமைப்பு) ஆன் செய்து எட்டு மாதம் ஒரு தொல்லையும் இல்லை. வீடியோ எடிட்டிங்குக்குப் போதவில்லை என்று அதே மாடலில் இன்னொரு ஜோடி வாங்கிப் போட்டேன். அன்றிலிருந்து கணினி நின்றுபோய் நீலத்திரை. ஒரு கல்யாண வீடியோ ரெண்டர் ஆகும்போதே கெட்டுப்போனது. கடையில் கேட்டால் எக்ஸ்போவை ஆஃப் செய்யச் சொல்கிறார்கள். நான் காசு கொடுத்தது 6000-க்கு. பெட்டியில் போட்டிருப்பது பொய் என்றுதானே அர்த்தம்?

சாலிடர்:
பொய் இல்லை. அந்த 6000 ஒரு பெட்டிக்குள் வரும் ஜோடிக்கு மட்டும். இரண்டு பெட்டிகளைக் கலந்தால் அந்தக் கணக்கு செல்லாது. மாடல் எண் ஒன்றாக இருந்தாலும் உள்ளே சிப் வேறாக இருக்கலாம். அதைவிட முக்கியம், ராமை இயக்கும் மெமரி கண்ட்ரோலர் இருப்பது பிராசஸருக்குள். 7600-க்கு அதைத் தயாரிக்கும் ஏஎம்டி சொல்லும் வேகம் இரண்டு ஸ்டிக்குக்கு 5200, நான்கு போட்டால் 3600. அதற்கு மேல் எல்லாமே ஓவர்கிளாக்தான், அதாவது சொன்ன வேகத்தைத் தாண்டி ஓட்டுவது. எக்ஸ்போவும் அதில் சேர்த்தி.

கரிசல்:
அந்த 3600-ஐ ராம் பெட்டியில் போட்டார்களா? 6000 மட்டும் பெரிய எழுத்தில் இருக்கிறது. பிராசஸரின் இணையப் பக்கத்தை அடிவரை தேடிப் படித்துவிட்டுத்தான் ராம் வாங்க வேண்டுமா?

சாலிடர்:
அந்தக் கோபம் நியாயம். ஆனால் ராமைத் திருப்பிக் கொடுத்து வேறு நான்கு வாங்கினாலும் இதே கதைதான்.

வடகரை:
இவ்வளவு பயம் தேவையில்லை. எஸ்ஓசி வோல்டேஜை (பிராசஸருக்குள் மெமரி கண்ட்ரோலர் இருக்கும் பகுதிக்குப் போகும் மின்னழுத்தம்) கொஞ்சம் ஏற்றுங்கள். என்னிடம் நான்கு ஸ்டிக் 6000-ல் ஓடுகிறது.

சாலிடர்:
எதை வைத்துச் சோதித்தீர்கள்?

வடகரை:
தினமும் கேம் ஆடுகிறேன், ஒருமுறைகூட நின்றதில்லை. டிடிஆர்5-ல் பிழை திருத்தும் ஈசிசி வேறு இருக்கிறதே.

சாலிடர்:
அந்த ஈசிசி சிப்புக்குள் நடக்கும் பிழையை மட்டும்தான் திருத்தும். ராமிலிருந்து பிராசஸருக்குப் போகும் வழியில் ஒரு பிட் மாறினால் அதற்குத் தெரியாது, வேகம் கூடும்போது பிழை வருவதே அந்த வழியில்தான். கேம் நிற்காமல் ஓடலாம், கோப்பு சத்தமில்லாமல் கெட்டுக்கொண்டிருக்கும். ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை நான்கு சுற்று ஓட்டுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த வேகம் உங்கள் கணினிக்கு ஆகாது. வோல்டேஜ் விஷயத்தில் கவனம்: 2023-ல் சில ரைசன் 7000 எக்ஸ்3டி பிராசஸர்கள் கருகிய பிறகு ஏஎம்டியே எஸ்ஓசி வோல்டேஜை 1.3 வோல்ட்டுக்கு மேல் போகாமல் மதர்போர்டின் பயாஸ் மென்பொருளில் கட்டுப்படுத்தியது.

கரிசல்:
சரி, சோதித்துவிட்டேன். நான்கும் 6000-ல்: முதல் சுற்றிலேயே பிழை. பழைய ஜோடி மட்டும், பிராசஸரிலிருந்து இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில்: 6000-ல் நான்கு சுற்றும் சுத்தம். புது ஜோடி மட்டும்: அதுவும் சுத்தம்.

சாலிடர்:
அப்போது ஸ்டிக் எதிலும் குறை இல்லை. 64 ஜிபி வேண்டுமென்றால் 32 ஜிபி இரண்டு உள்ள ஒரே பெட்டி வாங்குங்கள். அதுவரை நான்கையும் 4800-ல் வைத்து மறுபடி மெம்டெஸ்ட் ஓட்டுங்கள். பிழை வந்தால் 3600-க்கு இறக்குங்கள். முதல் பூட்டில் மெமரி டிரெயினிங் (ராமுக்கு ஏற்ற அமைப்பைக் கணினியே தேடிச் சரிசெய்வது) நடக்கும், சில நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கும். அவசரப்பட்டு பவரை அணைக்காதீர்கள்.

வடகரை:
நானும் இன்று இரவு மெம்டெஸ்ட் ஓட்டுகிறேன்.

கரிசல்:
32 ஜிபி ஜோடியே வாங்கிக்கொள்கிறேன். ஆனாலும் என் கருத்து மாறவில்லை. "இரண்டு ஸ்டிக்குக்கு மட்டும்" என்று அந்த 6000-க்குப் பக்கத்திலேயே அச்சடித்திருந்தால் எனக்கு ஒரு ஜோடி ராம் காசும் ஒரு கல்யாண வீடியோவும் மிஞ்சியிருக்கும்.