கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் ஒரு முழுக்கு

நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 அக்டோபரில் கப்பல் போக்குவரத்து தொடங்கியபின், திருகோணமலைக்குப் போய்வருவது நம் பகுதியினருக்கு எளிதாகிவிட்டது. சீர்காழியில் பிறந்த சம்பந்தர் பாடிய கோணேசுவரத்தைத் தரிசிக்கவே நாங்களும் புறப்பட்டோம். ஆனால் அனுராதபுரம் சாலையிலிருந்து சற்று விலகியிருக்கும் கன்னியாதான் பயணத்தின் பெரும்பகுதி நினைவைப் பிடித்துக்கொண்டது.

அங்கே இருப்பவை சதுரமாகக் கட்டப்பட்ட, ஆழமில்லாத ஏழு கிணறுகள். தாயின் இறுதிக்கடனுக்காக இராவணன் நிலத்தில் குத்திய ஏழு இடங்களிலிருந்து வெந்நீர் பொங்கியது என்பது ஐதிகம். ஈழத்துச் சைவர்கள் இறந்தவர்களுக்கான அந்தியேட்டிக் கிரியையை இங்கு வந்து செய்யும் வழக்கமும் அதையொட்டியதே. இறங்கி மூழ்க வழியில்லை, வாளியால் மொண்டு ஊற்றிக்கொள்ள வேண்டும். குளத்தில் அமிழ்ந்து எழுந்தே பழகிய எனக்கு முதலில் அது ஒரு குறையாகவே பட்டது. பக்கத்தில் நின்ற முதியவர், "முதல் காலிலை ஊத்துங்கோ, பிறகு தலையிலை ஊத்துங்கோ" என்றார். ஒன்று இதமாகவும் அடுத்தது தோலைச் சுள்ளென்று தாக்குவதாகவும் இருக்க, ஒரு முழம் தள்ளியிருக்கும் கிணறுகளுக்குள் இத்தனை வேறுபாடா என்று வியந்தபடியே ஏழிலும் குளித்து முடித்தேன்.

மார்கழி விடியலில் நம் வயல்களின் பம்புசெட்டுத் தண்ணீர் வெதுவெதுப்பாகப் படுவதற்குக் காற்றின் குளிரே காரணம். வெயில் ஏறினால் அதே நீர் சில்லென்றாகிவிடும். கன்னியாவின் சூடு அப்படிப்பட்டதன்று. இலங்கையில் எரிமலை கிடையாது. மழைநீர் பாறைப் பிளவுகள் வழியே வெகு ஆழத்துக்கு இறங்கி, பூமியின் உட்சூட்டில் வெந்து, வேறு பிளவுகள் வழியே விரைந்து மேலேறுவதால் நண்பகலிலும் அது வெந்நீராகவே இருக்கிறது. ஆகவே, கூட்டத்துக்காக மட்டுமன்றி உடம்புக்காகவும் அதிகாலையில் போவதே நல்லது.

திரும்பும்போது பெரியகுளத்தருகே உள்ள வெல்கம் விகாரை என்ற பழைய பௌத்தப் பள்ளியையும் பார்த்தோம். நாகைச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலத்தைப் பள்ளிச்சந்தமாக, அதாவது பள்ளிக்கான கொடைநிலமாக, அளித்த இராசராசனின் பெயரால் இதுவும் இராசராசப் பெரும்பள்ளி எனப்பட்டதென்பதை அங்குள்ள தமிழ்க் கல்வெட்டுகள் சொல்கின்றன. எங்கள் ஓட்டுநரே வழி விசாரிக்க வேண்டியிருந்ததால், போகிறவர்கள் வண்டி பேசும்போதே இவ்விடத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.