உடுக்கைப் பாட்டுக்கு பேஸ் கிட்டார்: கிளிக் இல்லாம ரெக்கார்டிங் பண்ண முடியுமுங்களா?

சோமனூர்_மாடி:
வணக்கமுங்க. எங்கூட்டு மாடி ரூம்லயே சின்னதா ஸ்டுடியோ போட்டிருக்கேன். லேபிள் கிளிபெல்லாம் கிடையாது, நானே மெட்டுப் போட்டு நானே வெளியிடுற ஆளு. இப்ப எடுக்கிற ஆல்பத்துல ஒரு பாட்டு அண்ணன்மார் கதையில (பொன்னர் சங்கர் கதைதானுங்க) தங்கச்சி தங்காள் அண்ணன்களைத் தேடிப் போற கட்டம். எங்க அப்புச்சி ஊர்ல உடுக்கையடிச்சுக் கதை பாடுற பெரியவர் ஒருத்தர் பாடித் தர்றேன்னுட்டாரு. பொள்ளாச்சியில இருந்து பேஸ் கிட்டார் நண்பன், கூட ஒரு நாதஸ்வர அண்ணன்.

சிக்கல் என்னன்னா, ஹெட்போன்ல கிளிக் (தாளம் தப்பாம இருக்க ஓடற டிக் டிக் சத்தம்) போட்டா பெரியவரு பாடவே மாட்டேங்கறாரு. "ஏந்தம்பி, காதுக்குள்ள தறி ஓட்டறே?"ங்கறாரு. கழட்டிட்டா அருமையா வருது. ஆனா நிமிஷத்துக்கு 92 அடியில ஆரம்பிச்சு, அழுகுற இடத்துல இறங்கி, கூப்பாடு போடற இடத்துல 108க்குப் போயிருது. பேஸ்காரன் கிளிக் இல்லாம ரெக்கார்டிங்கே இல்லைங்கறான். எனக்கென்னமோ அந்த ஏத்த இறக்கத்துலதான் கதையே இருக்குன்னு படுது.

பாட்டைத் தனியா, உடுக்கையைத் தனியா எடுக்கலாமான்னு கேட்டுப் பாத்தேன். உடுக்கை கையில இல்லீன்னா அவருக்கு வரியே ஓடமாட்டேங்குது. சேர்த்து எடுத்தா குரல் மைக் பூரா உடுக்கை. இது போதாதுன்னு பக்கத்துல தறிக்கூடம். செவுத்துக்கு ராக்வூல் (சத்தம் உறிஞ்சற பஞ்சுப் பலகை), கதவுக்கு ரப்பர் பட்டி எல்லாம் அடிச்சும் அடிச்சத்தம் செவுத்து வழியாவே ஏறுது.

ஈரோடு_மிக்ஸ்:
பெரியவர் வேகத்துல கை வைக்காதீங்க. முதல்ல அவரை முழுசா எடுத்துருங்க. அப்பறம் அந்த டிராக்கைக் கேட்டு டெம்போ மேப் போடுங்க, அதாவது அவரு அடி விழற இடத்துல புள்ளி வெச்சா கிளிக் அவரு வேகத்துக்கே ஓடும். ரீப்பர், கியூபேஸ், லாஜிக்னு ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் எல்லாத்துலயும் இருக்கு. தாளவட்டத்துக்கு ஒரு புள்ளி போதும். அடிக்கு அடி வெச்சா கிளிக் நடுங்கும். உங்க நண்பர் அந்த கிளிக்குக்கு வாசிக்கட்டும்.

மைக்குக்கு, எட்டு வடிவ பேட்டர்ன் இருக்கறதா ரெண்டு வாடகைக்கு எடுங்க. முன்னயும் பின்னயும் கேக்கும், பக்கவாட்டுல செவிடு. குரல் மைக்கோட செவிட்டுப் பக்கம் உடுக்கையைப் பாக்கோணும், உடுக்கை மைக்கோட செவிட்டுப் பக்கம் வாயைப் பாக்கோணும். அரை அங்குலம் திருப்பித் திருப்பிக் கேட்டுத்தான் அந்த இடம் புடிபடும், பொறுமை வேணும். தரையில சம்மணம் போட்டாருன்னா ஸ்டேண்டை இறக்குங்க, அவரை ஏத்தாதீங்க. ஏசிக் காத்து உடுக்கை மேல நேரா அடிக்க வேண்டாம், தோல் காய்ஞ்சு சுதி ஏறிரும்.

பல்லடத்தான்:
தறிச் சத்தத்துக்கு ராக்வூல் எல்லாம் பத்தாதுங்ணா. பேப்பர்ல மாதாந்திர பராமரிப்புன்னு கரண்ட் நிறுத்தற அறிவிப்பு வருமில்லீங்க, காலையில 9 மணியில இருந்து சாயந்திரம் வரைக்கும்? சோமனூர் பேரு வந்த அன்னிக்குப் பெரியவரை வரச் சொல்லுங்க. லேப்டாப் பேட்டரியும் யுஎஸ்பில ஓடற இன்டர்ஃபேஸும் (மைக்கை லேப்டாப்போட இணைக்கிற பொட்டி) போதும், மைக்குக்கு 48 வோல்ட்டும் அதுவே குடுத்துரும். ஃபேன் ஓடாது, ஒரு துண்டு எடுத்து வைங்க.

தவில்_வீட்டுப்_பேரன்:
பெரியவர் சுதி என்னன்னு பாத்தீங்களா? 5 கட்டையை (கட்டைங்கறது சுதியோட அளவு) ஒட்டி இருந்தா தப்பிச்சீங்க. 2 கட்டை நாதஸ்வரத்துல மத்திமத்தை சட்ஜமாப் புடிச்சா அங்கதான் வரும். கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தா சீவாளியில (வாயில வெச்சு ஊதற நாக்கு) சரிக்கட்டிக்கலாம். கீபோர்டு இருந்தா அதைத்தான் அவரு சுதிக்கு நகத்தோணும்.

இன்னொண்ணு, கதைக்கு ஆள் வேணுமுங்க. 1965ல காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்துல பிரெண்டா பெக்ங்கற மானிடவியல் ஆய்வாளர் இதே கதையை டேப்ல எடுத்தாங்க. ஸ்டுடியோவுல இல்ல, ஊருக்குள்ள. வெறும் செவுத்தைப் பாத்து எப்படிங்க அழுகறது? எதுத்தாப்ல உக்காந்து "ஆமா" போட ரெண்டு பேரைக் கூட்டிட்டு வாங்க.

அவினாசி_அக்கா:
காசு விஷயத்தை முதல்லயே எழுதி வெச்சுக்கங்க தம்பி. கதை ஊருக்குப் பொது, அவரு பாடுன பாட்டு அப்படியில்ல. பதிப்புரிமைச் சட்டத்துல பாடறவங்களுக்கும் வாசிக்கறவங்களுக்கும் 50 வருஷம் உரிமை இருக்கு. அந்தப் பட்டியல்ல பாம்பாட்டியைக் கூடச் சேத்திருக்காங்க. 2012 திருத்தத்துக்கப்பறம் வியாபாரமா ஓடுனா ராயல்டியும் உண்டு. ஒரு பக்கம் தமிழ்ல எழுதி, படிச்சுக் காட்டி, கையெழுத்து வாங்குங்க. பாட்டு வெளியாகறப்ப "பாடல், உடுக்கை"ன்னு அவரு பேரு முதல்ல வரட்டும். சால்வை போத்திப் போட்டோ எடுத்து அனுப்பி வைக்கிற வேலை வேண்டாம்.

சோமனூர்_மாடி:
எல்லாத்துக்கும் ரொம்ப நன்றிங்க. ஃபோன்ல எடுத்து வெச்சிருந்த பாட்டுக்கே மேப் போட்டு பேஸ்காரனுக்கு அனுப்பிட்டேன். முறுக்கிட்டுதான் இருக்கான், ஆனா வாசிச்சுப் பாக்கறேங்கறான். ஒரு சந்தேகம்: தங்காள் அழுகுற இடத்துல பெரியவரு உடுக்கையை நிறுத்திட்டு, தாளமே இல்லாம வசனமா இழுக்கறாரு. அங்க மேப்ல எதைப் புடிக்கிறது?

ஈரோடு_மிக்ஸ்:
எதையும் புடிக்காதீங்க. அங்க பேஸே வேண்டாம். நாதஸ்வரத்தை மட்டும் விட்டு, உடுக்கை திரும்ப விழற அடியில இருந்து புதுசா மேப் போடுங்க. நண்பர்கிட்ட நான் சொன்னேன்னு சொல்ல வேண்டாம்.