அழுத்தமின்றி அளந்த மணற்கல்லின் மின்தடையை நம்பலாமா?

கோத்தகிரி மலையரசு:
காவிரிப் படுகை மணற்கல் மாதிரியைச் சாதாரண வளிமண்டல அழுத்தத்தில் அளந்து, அந்த மின்தடையைக் கொண்டு எண்ணெய் இருப்பைக் கணக்கிடலாமா என்று மாணவர் ஒருவர் கேட்டிருந்தார். கூடாது என்பதே என் உறுதியான கருத்து. பாறைத் துளைகளில் நீர் எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு என்று மின்தடையிலிருந்து கணிக்க 1942இல் ஆர்ச்சி வெளியிட்ட சூத்திரம், உவர்நீர் நிறைந்த பாறையின் மின்தடைத்திறனை அந்நீரின் மின்தடைத்திறனால் வகுத்து வரும் உருவாக்கக் காரணியைச் சார்ந்தது. 2 கிலோமீட்டர் ஆழத்தில் மேற்சுமை, அதாவது மேலுள்ள பாறைகள் தரும் அழுத்தம், ஏறத்தாழ 45 மெகாபாஸ்கல். அதில் 20ஐத் துளைநீர் தாங்க, மிச்சமுள்ள 25 மணல்மணிகளை நெருக்குகிறது. அந்த நெருக்கத்தில் காரணி உயரும்.

குன்னூர் நீரோட்டம்:
ஐயா, உயர்வதை நான் மறுக்கவில்லை. எவ்வளவு என்பதே கேள்வி. நீலகிரியில் ஆழ்துளைக் கிணற்றுக்கு மின்தடை ஆய்வு செய்து இடம் குறிப்பவன் நான். இங்குள்ள சார்னோக்கைட் என்னும் கடினப் பாறையில் நீர் விரிசல்களில்தான் நிற்கிறது. தட்டையான விரிசல் சிறு அழுத்தத்திலேயே மூடிக்கொள்வதால் மின்தடை வெகுவாக ஏறும். மணற்கல்லிலோ மணிகளுக்கு இடையே உள்ள துளைகள் திரண்ட வடிவுடையவை. சிலிக்கா நன்கு பிணைத்த கல்லில் நுண்துளைமை, அதாவது கல்லின் கன அளவில் துளைகளின் பங்கு, சிறிதே குறையும். தவிர, மாதிரியை மேலே எடுக்கையில் சுமை நீங்கிப் புதிய நுண்விரிசல்கள் திறக்கின்றன. அழுத்தத் தொடங்கியதும் தெரியும் ஏற்றத்தில் பெரும்பங்கு அவை மூடுவதால் வருவது.

கோத்தகிரி மலையரசு:
அப்படியானால், கையிலுள்ள கல் நிலத்தடியில் இருந்த நிலையில் இல்லை என்றுதானே ஆகிறது? நுண்துளைமையை மட்டும் பார்ப்பது போதாது. மின்னோட்டம் பெரிதும் தடைபடுவது துளைகளை இணைக்கும் குறுகிய கழுத்துகளில்; அவை சற்று இறுகினாலும், நுண்துளைமை குறைந்த விகிதத்தைக் காட்டிலும் காரணி அதிகமாக உயரும். காரணி 20 விழுக்காடு உயர்ந்ததாகக் கொள்ளுங்கள். ஆர்ச்சி சூத்திரத்தில் நீர்நிறைவின் (துளைகளில் நீர் நிறைந்துள்ள பங்கின்) அடுக்கான நிறைவு அடுக்கு 2 எனில், 40 விழுக்காடு என்று கணித்த நீர்நிறைவு ஏறத்தாழ 44 ஆகிவிடும். அந்த வேறுபாடு முழுவதையும் நாம் எண்ணெய் என்று எழுதிவைத்திருப்போம்.

குன்னூர் நீரோட்டம்:
கணக்கு சரி, ஆனால் அது களிமண் இல்லாத கல்லுக்கு. களிமண் கலந்த மணற்கல்லில் துளைநீர் வழியாக மட்டுமன்றிக் களிமண் பரப்பிலுள்ள அயனிகள் வழியாகவும் மின்னோட்டம் செல்வதை வாக்ஸ்மனும் ஸ்மிட்ஸும் 1968இல் சமன்பாடாக்கினார்கள். உப்பு குறைந்த நீரில் இந்தப் பங்கு இன்னும் பெரிது. ஒரே ஓர் அளவீட்டுக்குத்தான் பணம் இருக்கிறதென்றால், களிமண்ணின் அயனிப் பரிமாற்றத் திறனை, அதாவது அதன் பரப்பு எவ்வளவு அயனிகளைப் பிடித்து மாற்றிக்கொள்ளும் என்பதை, அளக்கவே சொல்வேன்.

கோத்தகிரி மலையரசு:
எண்ணெய் எடுக்க எடுக்கத் துளை அழுத்தம் இறங்குவதை விட்டுவிட்டீர்கள். 20 என்பது 10 ஆனால், மணிகளின் மேல் 25 இருந்த இடத்தில் 35 மெகாபாஸ்கல் அழுத்தும். ஆகவே அந்த மாணவர் 35 வரை படிப்படியாக அழுத்தத்தை ஏற்றி, ஒவ்வொரு படியிலும் காரணியை அளக்க வேண்டும்.