டொலர் குறி போட்டும் கணக்கு மாறுகிறது: விரிதாளில் சார்பு முகவரியும் நிலையான முகவரியும்

வாடிக்கணக்கு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் திருகோணமலையில் ஒரு மீன் வாடியில் கணக்கெழுதுகிறேன். இதுவரை கொப்பியில் எழுதிவந்த அன்றாடக் கணக்கை இந்த மாதம் முதல் எக்செலுக்கு மாற்ற முயன்று, முதல் நாளிலேயே சிக்கிக்கொண்டேன். (நிரல்களின் பெயர்களை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன்; தாளில் அவை வழக்கமான ஆங்கில எழுத்துகளே.)

ஐந்தாம் நிரையிலிருந்து கணக்குத் தொடங்குகிறது. ஏ நிரலில் மீன் வகை, பி நிரலில் கிலோ, சி நிரலில் கிலோ விலை, டி நிரலில் மொத்தம், ஈ நிரலில் தரகு என்று வைத்துள்ளேன். தரகு விகிதமான 5 வீதத்தை மேலே எச்1 கலத்திலும், ஒரு கிலோவுக்கான ஐஸ் செலவான 12 ரூபாவை அதன் கீழே எச்2 கலத்திலும் எழுதியிருக்கிறேன். எச்3 வெறுமை. எச்4 கலத்தில் "குறிப்பு" என்று ஒரு தலைப்பு இருக்கிறது.

டி5 கலத்தில் =பி5*சி5 என்று எழுதிக் கீழே இழுத்தேன்; எல்லா நிரைகளிலும் சரியாக வந்தது. அதே நம்பிக்கையில் ஈ5 கலத்தில் =டி5*எச்1 என்று எழுதி இழுத்தபோதுதான் குழப்பம் தொடங்கியது. முதல் நிரையில் 40 கிலோ பாரைக்கு 44,000 ரூபா, அதற்குத் தரகு 2,200 ரூபா, அது சரி. அடுத்த நிரையில் 22,500 ரூபா மீனுக்குத் தரகு 270,000 ரூபா என்று காட்டுகிறது. மூன்றாவது நிரையில் சுழியம். நான்காவதில் வேல்யூ என்ற பிழைச்சொல் வருகிறது.

டொலர் குறி போட வேண்டும் என்று உடன் வேலை செய்யும் ஒருவர் சொன்னதால் =டி5*$எச்1 என்று மாற்றினேன். ஒரு மாற்றமும் இல்லை, அதே 270,000தான். இதற்கிடையில் எங்கள் முதலாளி எட்டிப் பார்த்துவிட்டு, "நாம் ரூபாவில்தானே விற்கிறோம், டொலர் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டார். அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இருக்கவில்லை. தயவுசெய்து விளக்குவீர்களா?


ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் எழுதியது:

பிள்ளை, உங்கள் தாளில் வந்த மூன்று பிழைகளும் உண்மையில் ஒரே பிழைதான். நீங்கள் ஒவ்வொரு நிரையிலும் என்ன வந்தது என்று பொறுமையாக எழுதியிருப்பதால் காரணத்தை அங்கேயே வாசித்துவிடலாம்.

ஈ5 கலத்தில் =டி5*எச்1 என்று எழுதும்போது, எச்1 என்ற இடத்தைக் குறிப்பிட்டுவிட்டதாக நாம் நினைக்கிறோம். கணினியோ அதைத் திசையாகவே விளங்கிக்கொள்கிறது: "நான் நிற்கும் கலத்துக்கு இடப்பக்கம் அடுத்ததை எடு, வலப்பக்கம் மூன்று நிரல் தள்ளி, நான்கு நிரை மேலே இருக்கும் எண்ணைக்கொண்டு அதைப் பெருக்கு." இந்தச் சூத்திரத்தை ஈ6 கலத்துக்கு இழுத்தால் திசைகள் அப்படியே இருக்கும், நிற்கும் இடம் ஒரு படி இறங்கும். எனவே அது எச்2 கலத்தைத் தொடுகிறது. அங்கே இருப்பது ஐஸ் செலவான 12. அந்த 12ஐ 22,500 ரூபாவால் பெருக்கியதால் 270,000 வந்தது. அடுத்த நிரை வெறுமையான எச்3 கலத்தைத் தொட்டது. கணக்கில் வெற்றுக் கலத்தின் மதிப்புச் சுழியம். அதற்கடுத்தது "குறிப்பு" என்ற சொல்லைத் தொட்டது. சொல்லை எண்ணால் பெருக்க முடியாது என்பதே அந்தப் பிழைச்சொல்லின் பொருள்.

டி நிரலில் இதே பழக்கம்தான் உங்களுக்கு உதவியது. பி5 என்பது பி6 ஆகவும் சி5 என்பது சி6 ஆகவும் நகர்ந்திராவிட்டால், எல்லா மீனுக்கும் பாரையின் தொகையே வந்திருக்கும். ஆகவே இப்படி இடத்துக்கேற்ப நகரும் சார்பு முகவரியைக் குறையாக நினைக்க வேண்டாம். வேலையில் பெரும்பகுதியை நமக்குச் செய்து தருவது அதுதான்.

இனி டொலர் குறி. அது பணத்தைக் குறிப்பதில்லை என்று உங்கள் முதலாளியிடம் தயங்காமல் சொல்லலாம். தனக்கு வலப்பக்கத்தில் உள்ள ஒன்றை மட்டும், நகலெடுக்கும்போது (கீழே இழுப்பதும் நகலெடுப்பதே) நகராமல் பிடித்துவைப்பதே அதன் வேலை. $எச்1 என்று எழுதினால் எச் என்ற நிரல் மட்டுமே பிடிபடும். 1 என்ற நிரை எண் முன்போலவே கீழே இறங்கும். நீங்கள் இழுப்பது கீழ்நோக்கி. எனவே பிடிக்க வேண்டியது நிரையை. =டி5*எச்$1 என்று எழுதிப் பாருங்கள், சரியாகிவிடும். =டி5*$எச்$1 என்பதும் சரியே. இப்படி நிரலும் நிரையும் பிடிபட்டதை நிலையான முகவரி என்பார்கள்.

இங்கே ஒரு பழங்கதை சொல்ல அனுமதியுங்கள். 1979ஆம் ஆண்டு வெளிவந்த விசிக்கால்க் என்ற முதற்கால விரிதாள் மென்பொருளில், சூத்திரத்தை நகலெடுக்கும் ஒவ்வொரு முறையும், அதில் உள்ள ஒவ்வொரு முகவரியையும் சுட்டிக்காட்டி, "இது மாறாமல் இருக்கட்டுமா, இடத்துக்கேற்ப நகரட்டுமா?" என்று அது கேட்கும். பின்னாளில் அந்தக் கேள்விக்கான விடையைச் சூத்திரத்துக்குள்ளேயே எழுதிவைக்கும் வழி வந்தது. அதுதான் இந்த டொலர் குறி. ஈ5 கலத்தில் எந்த வடிவில் எழுதினாலும் விடை 2,200தான். நகலெடுக்கும் நேரத்தில் மட்டுமே வேறுபாடு தெரியும். நீங்கள் குறி போட்டும் முதல் நிரையில் எதுவும் மாறாதது அதனால்தான்.


உப்புவெளி விடுதிக் கணக்காளர் எழுதியது:

ஆசிரியரின் விளக்கத்துக்குப் பிறகு சொல்ல அதிகம் இல்லை. நடைமுறையில் எனக்குப் பயன்பட்டவற்றை மட்டும் சேர்க்கிறேன்.

டொலர் குறியை விரலால் தேடித் தட்ட வேண்டியதில்லை. சூத்திரம் எழுதும்போது எச்1 என்ற முகவரியின் மேல் சுட்டியை வைத்து எஃப்4 விசையை ஒருமுறை அழுத்தினால் $எச்$1 ஆகும். மறுமுறை எச்$1, பின்பு $எச்1, நான்காம் முறை பழையபடி எச்1. சில மடிக்கணினிகளில் எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும். கைபேசியில் எஃப்4 விசை இல்லை. அங்கே குறியைக் கையால் இடலாம்.

ஒரே சூத்திரத்தில் ஒரு முகவரியின் நிரலை மட்டும், இன்னொன்றின் நிரையை மட்டும் பிடிக்க வேண்டிய தேவை எங்கே வரும் என்று கேட்டால், சம்பளப் பட்டியலைக் காட்டுவேன். ஏ நிரலில் ஊழியர் பெயர், பி நிரலில் சம்பளம், முதல் நிரையில் சி1 கலத்தில் ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரிடம் கழிக்கும் 8 வீதம், டி1 கலத்தில் அதே நிதிக்குத் தொழில்தருநர் செலுத்தும் 12 வீதம், ஈ1 கலத்தில் ஊழியர் நம்பிக்கை நிதிக்கான 3 வீதம். சி3 கலத்தில் =$பி3*சி$1 என்று ஒரேயொரு சூத்திரம் எழுதி, வலப்பக்கமும் கீழ்ப்பக்கமும் இழுத்தால் பட்டியல் முழுவதும் நிரம்பிவிடும். சம்பளம் எப்போதும் பி நிரலில்தான் இருக்கிறது, ஆனால் ஆளுக்கு ஆள் நிரை மாறும். விகிதம் எப்போதும் முதல் நிரையில்தான் இருக்கிறது, ஆனால் நிதிக்கு நிதி நிரல் மாறும். 50,000 ரூபா சம்பளக்காரருக்கு 4,000, 6,000, 1,500 என்று வரும். பி எழுத்துக்கு முன் உள்ள குறியை மறந்தால் அதே நிரையில் 4,000, 480, 14.40 என்று வரும். 12 வீதத்தைச் சம்பளத்தில் கணக்கிடாமல் அதற்கு முந்திய விடையில் கணக்கிட்டுவிடும். இந்தப் பிழை சுழியமாகவோ பிழைச்சொல்லாகவோ வராமல் எண்ணாகவே வருவதால் கண்ணில் படாமல் போகும். அதுதான் ஆபத்தானது.

எச்$1 போதும் என்று ஆசிரியர் சொன்னது சரி என்றாலும், தனியாக நிற்கும் விகிதக் கலத்துக்கு நான் எப்போதும் இரண்டு குறிகளையும் இடுகிறேன். இன்று கீழே மட்டும் இழுக்கும் சூத்திரத்தை நாளை யாராவது பக்கத்து நிரலுக்கு எடுத்துச் சென்றால் என்ன ஆகும் என்ற அச்சமே காரணம்.

இன்னுமொரு எச்சரிக்கை. விகிதத்தை ஒரே கலத்தில் வைத்தால் ஒரு மாற்றத்தில் எல்லாம் மாறும் என்று எல்லோரும் புகழ்வார்கள். 2024 ஜனவரி 1 அன்று பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 18 வீதமாக உயர்ந்தபோது, நான் முன்பு வேலை செய்த இடத்தில் அந்த ஒரு கலத்தை 18 என்று மாற்றினேன். எல்லாம் மாறியது உண்மைதான்; கொடுத்து முடித்த டிசம்பர் மாதப் பற்றுச்சீட்டுகளின் வரியும் சேர்ந்து மாறியது. அவற்றைத் திரும்பச் சரிசெய்ய இரண்டு இரவுகள் விழித்திருந்தேன். ஆகவே உங்கள் தரகு விகிதம் எப்போதாவது மாறக்கூடியது என்றால், மாதத்துக்கு ஒரு தாளும் அந்தத் தாளிலேயே அந்த மாத விகிதமும் இருக்கட்டும்.


வாடிக்கணக்கு எழுதியது:

ஆசிரியர் ஐயாவுக்கும் விடுதிக் கணக்காளர் அண்ணாவுக்கும் மிக்க நன்றி. இரண்டு குறிகளையும் இட்டேன். இரண்டாம் நிரையின் தரகு 1,125 என்று சரியாக வந்துவிட்டது. ஆனால் ஒரு புதிய ஐயம். திகதி எழுதுவதற்காக மேலே ஒரு நிரையைப் புதிதாகச் செருகினேன். உடனே சூத்திரங்களில் இருந்த $எச்$1 எல்லாம் $எச்$2 என்று மாறிவிட்டன. விடை சரியாகவே இருக்கிறது. ஆனால் நிலையானது என்று சொன்னது எப்படி மாறியது?


நிரைநிரல் எழுதியது:

"நிலையான" என்ற சொல் நம்மை ஏமாற்றும் இடம் இதுதான். டொலர் குறி சூத்திரத்தை நகலெடுக்கும்போது மட்டுமே பேசும் என்று ஆசிரியர் மேலே சொன்னதை இங்கே பொருத்திப் பாருங்கள். நிரை செருகுவது நகலெடுப்பதன்று. 5 வீதம் எழுதிய கலம் ஒரு படி கீழே இறங்கிவிட்டது. அதைத் தேடிச் சூத்திரமும் பின்னால் சென்றது. அது செல்லாமல் இருந்திருந்தால்தான் நீங்கள் கவலைப்பட வேண்டும். அந்தக் கலத்தை வெட்டி வேறிடத்தில் ஒட்டினாலும் இப்படியே தொடர்ந்து செல்லும், குறி இருந்தாலும் இல்லாவிட்டாலும். மாறாக, சூத்திரம் உள்ள கலத்தையே வெட்டி நகர்த்தினால், அதற்குள் உள்ள முகவரிகள் சார்பு முகவரிகளாக இருந்தாலும் மாறமாட்டா. நகலெடுத்தலும் வெட்டி ஒட்டுதலும் ஒன்றல்ல என்பதைப் பலர் ஆண்டுக்கணக்கில் கவனிப்பதில்லை.

அதேபோல் டொலர் குறி மதிப்பைப் பூட்டுவதும் இல்லை. எச்2 கலத்தில் யாராவது தவறுதலாக 50 என்று தட்டினால் எல்லாத் தரகும் பத்து மடங்காகும். அதைத் தடுக்கத் தாளைப் பாதுகாக்கும் வசதியைப் பயன்படுத்த வேண்டும். ஆனால் எக்செலில் தொடக்கத்தில் எல்லாக் கலங்களும் பூட்டப்பட்டவையாகவே குறிக்கப்பட்டிருப்பதால், நீங்கள் அன்றாடம் எழுதும் ஏ, பி, சி நிரல்களின் பூட்டை முதலில் நீக்கிவிட்டே பாதுகாப்பை இட வேண்டும். இல்லையெனில் உங்களாலேயே எழுத முடியாமல் போகும்.

மாதத்துக்கு ஒரு தாள் என்ற யோசனைக்கு ஒரு துணைக்குறிப்பு. தாளின் பெயர் இல்லாத $எச்$2 என்ற முகவரி எப்போதும் தன் தாளைத்தான் பார்க்கும். எனவே தாளை முழுமையாகப் பிரதி எடுத்தால் புதிய மாதம் தன் விகிதத்தையே எடுத்துக்கொள்ளும். நான் வேலை செய்யும் இடத்தில் எக்செலுக்குப் பதிலாக லிபர் ஆபீஸ் என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்துகிறோம். அங்கே தாளின் பெயருக்கு முன்னும் டொலர் குறி இடலாம். இடாவிட்டால் சூத்திரத்தை வேறு தாளுக்கு நகலெடுக்கும்போது தாளின் பெயரும் நகரும். எக்செலில் அந்தத் தொல்லை இல்லை. எழுதிய தாளின் பெயர் அப்படியே நிற்கும்.

விகிதக் கலத்துக்கு ஒரு பெயர் சூட்டி, அந்தப் பெயரையே சூத்திரத்தில் எழுதுவதையும் யோசித்துப் பாருங்கள். எச்2 கலத்தைத் தேர்ந்து, சூத்திரப் பட்டையின் இடப்பக்கப் பெட்டியில் பெயரைத் தட்டினால் போதும். அப்படிச் சூட்டிய பெயர் நகலெடுக்கும்போது நகராது.


உப்புவெளி விடுதிக் கணக்காளர் எழுதியது:

பெயர் சூட்டுவதில் எனக்கு அரைமனம். வேலையை வேறொருவரிடம் ஒப்படைக்கும்போது, அந்தப் பெயர் எந்தத் தாளின் எந்தக் கலத்தைக் குறிக்கிறது என்று அவர் தேட வேண்டியிருக்கிறது. $எச்$2 என்றால் கண்ணாலேயே போய்ச் சேரலாம். மூன்று நான்கு விகிதங்கள் உள்ள சிறு கணக்குக்குக் குறியே போதும்.


வாடிக்கணக்கு எழுதியது:

இப்போது தெளிவாகிவிட்டது. கடைசியாக ஒன்று: தரகும் ஐஸ் செலவும் கழித்த மீதியை எஃப் நிரலில் வைத்திருக்கிறேன். அதற்கு அடுத்த ஜி நிரலில், அந்த நிரை வரையிலான கூட்டுத்தொகை ஒவ்வொரு நிரையிலும் தெரிய வேண்டும். கொப்பியில் அப்படித்தான் எழுதுவோம். முதலாளி முதலில் பார்ப்பதும் அதைத்தான். நிரை செருகிய பின் கணக்கு இப்போது ஆறாம் நிரையில் தொடங்குகிறது.


ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் எழுதியது:

ஜி6 கலத்தில் =சம்($எஃப்$6:எஃப்6) என்று எழுதிக் கீழே இழுங்கள். (சம் என்பது கூட்டச் சொல்லும் கட்டளை.) ஒரே வீச்சின் ஒரு முனை பிடிபட்டும் மறு முனை அவிழ்ந்தும் இருப்பதைக் கவனியுங்கள். ஜி7 கலத்தில் அது $எஃப்$6:எஃப்7 ஆகும். ஜி20 கலத்தில் $எஃப்$6:எஃப்20 ஆகும். படகைக் கரையில் கட்டிவிட்டுக் கயிற்றை மட்டும் நீளவிடுவது போல என்று வகுப்பில் சொல்வேன்.

இழுத்து முடித்ததும் கடைசி நிரையின் கலத்தில் நின்று எஃப்2 விசையை அழுத்திப் பாருங்கள். அந்தச் சூத்திரம் தொடும் கலங்களைச் சுற்றி வண்ணக் கட்டங்கள் தோன்றும். தரகுக் கலத்தில் அப்படிச் செய்யும்போது ஒரு கட்டம் அதே நிரையின் மொத்தத்திலும் மற்றொன்று எச்2 கலத்திலும் நின்றால் இடையில் உள்ள நிரைகளும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். முதல் நிரையில் சோதிப்பதால் பயனில்லை. அங்கே தவறான சூத்திரமும் சரியான விடையையே தரும் என்பதை நீங்களே பார்த்துவிட்டீர்கள்.